இரண்டு சிசேரியனுக்குப் பிறகு தொங்கும் வயிறு: டம்மி டக் செய்துகொள்ளலாமா?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 37. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு குழந்தைகளும் சிசேரியனில் பிறந்தவர்கள். இளையவனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. அவன் பிறந்தபோதே குடும்பக் கட்டுப்பாடு அறுவையும் செய்துகொண்டேன். பிரசவத்துக்குப் பிறகு 84 கிலோ வரை ஏறிய எடையை உணவுக் கட்டுப்பாட்டாலும் நடைப்பயிற்சியாலும் 66 கிலோவுக்குக் கொண்டுவந்து, ஓராண்டுக்கு மேலாக அதே அளவில் வைத்திருக்கிறேன். உயரம் 158 செ.மீ. சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவும் இல்லை.

உடம்பு முழுவதும் இளைத்த பிறகும் அடிவயிற்றுத் தோல் மட்டும் மடிப்பாகத் தொங்குகிறது. கோடையில் அந்த மடிப்புக்குள் வியர்வை தங்கிப் புண்ணாகிறது. பவுடரும் களிம்பும் போட்டால் சில நாள் ஆறி, மறுபடியும் வருகிறது. இருமும்போது தொப்புளுக்கு மேல் சிறிய புடைப்பு ஒன்றும் தெரிகிறது. பேருந்தில் யாராவது எழுந்து இடம் கொடுத்துவிட்டு ‘எத்தனை மாதம்?’ என்று கேட்பதும் நின்றபாடில்லை.

அழகியல் சிகிச்சை நிலையம் ஒன்றில் விசாரித்தேன். கைப்பேசியில் அனுப்பிய புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, லைபோசக்‌ஷனும் டம்மி டக்கும் (தளர்ந்த வயிற்றுத் தோலை வெட்டி நீக்கி, இறுக்கித் தைக்கும் அறுவை) சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லி, இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் சலுகை உண்டு என்றார்கள். கணவர் மறுக்கவில்லை, ஆனால் பயப்படுகிறார். ‘பிள்ளை பெற்ற வயிறு அப்படித்தான் இருக்கும், அதற்கெல்லாமா கத்தி வைப்பார்கள்?’ என்பது மாமியாரின் வாதம். என் உடம்புக்கு இது பொருத்தமான அறுவைதானா, ஆபத்துகள் என்னென்ன, வீட்டில் எவ்வளவு காலம் பிறர் உதவி வேண்டும், காப்பீட்டில் ஏதாவது கிடைக்குமா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வெண்சீருடை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நீண்ட காலம் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் சொல்வது மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாகாது; அந்தப் பரிசோதனைக்குப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவட்டும்.

வயிறு முன்னால் தள்ளித் தெரிவதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். தோல் தளர்ந்திருக்கலாம், தோலுக்கு அடியில் கொழுப்பு இருக்கலாம், நடுவயிற்றின் இரண்டு நேர்தசைகளும் பிரசவத்தில் விலகியவை திரும்பச் சேராமல் இருக்கலாம், அல்லது குடலைச் சுற்றி உள்ளே கொழுப்பு சேர்ந்திருக்கலாம். டம்மி டக் முதல் மூன்றையும் சரிசெய்யும், நான்காவதைத் தொடவே தொடாது. உள் கொழுப்பு உணவாலும் உழைப்பாலும் மட்டுமே குறையும். நம் நாட்டவருக்குக் கைகால் மெலிந்திருந்தாலும் அது அதிகமாக இருப்பது வழக்கம். நீங்கள் மல்லாந்து படுத்துப் பாருங்கள். வயிறு தட்டையாக அமுங்கி, தோல் மட்டும் இருபுறமும் சரிந்தால் அறுவையால் பலன் எதிர்பார்க்கலாம். படுத்த பிறகும் கவிழ்த்த சட்டியாக உயர்ந்தே நின்றால், என்னதான் இழுத்துத் தைத்தாலும் பெரிய மாற்றம் தெரியாது. எடை குறைந்து நிலையாக இருக்கிறது, இனிக் குழந்தை இல்லை என்ற இரண்டும் உங்களுக்குச் சாதகமானவை. மறுபடி கர்ப்பமானால் தைத்த தசையும் தோலும் மீண்டும் விரிந்துவிடும் என்பதால்தான், குழந்தைப்பேறு முடிந்தவர்களுக்கே இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

முழுமையான டம்மி டக் எப்படி நடக்கிறது என்றால், முழு மயக்கத்தில், சிசேரியன் தழும்பை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை கீறி, தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து விலா எலும்பு வரை பிரித்து உயர்த்துகிறார்கள். தொப்புளைச் சுற்றி வெட்டி, அதை அதன் காம்போடு இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பிறகு நாடாக் கட்டிலின் தொய்ந்த நாடாவை இழுத்து முறுக்குவதுபோல, விலகிய தசைகளின் உறையை நடுவில் சேர்த்து மேலிருந்து கீழ்வரை தைக்கிறார்கள். மேல் தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டி நீக்கி, தொப்புளுக்குப் புதிய துளையிட்டு வெளியே கொண்டுவருகிறார்கள். இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகலாம். உங்கள் பழைய சிசேரியன் தழும்பு பெரும்பாலும் வெட்டியெடுக்கும் தோலோடு போய்விடும்; அதற்குப் பதிலாக அதைவிடப் பல மடங்கு நீளமான தழும்பு வரும். உள்ளாடைக்குள் மறையும் என்பது உண்மைதான், ஆனால் அது வாழ்நாள் முழுவதும் இருக்கும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்குத் தழும்பு தடித்துக் கருக்கும் வாய்ப்பும் கூடுதல். சிசேரியன் தழும்போ காது குத்திய இடமோ தடித்து வளர்ந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

லைபோசக்‌ஷன் கொழுப்பை மட்டும் உறிஞ்சும். தளர்ந்த தோலை அது சரிசெய்யாது, சில நேரம் தளர்ச்சியை அதிகமாக்கிக் காட்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வது தவறன்று, பலருக்குச் செய்கிறார்கள். ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு உறிஞ்சலாம் என்பது உங்கள் தோலின் இரத்த ஓட்டத்தைப் பொறுத்தது. அதைப் புகைப்படத்தில் பார்த்து முடிவுசெய்ய முடியாது. கை வைத்துப் பார்க்காமல் தொகை சொல்லும் இடத்தை நான் நம்பமாட்டேன். அறுவைக்கு மாதக் கடைசிச் சலுகை என்பதும் எனக்கு உவப்பாக இல்லை.

தொப்புளுக்கு மேல் இருக்கும் புடைப்பு குடலிறக்கமாக இருக்கலாம். அறுவைக்கு முன் ஸ்கேன் எடுத்துத் தெரிந்துகொள்ளுங்கள். சிறியதாக இருந்தால் அதே அறுவையில் சேர்த்துத் தைத்துவிடலாம். ஆனால் தொப்புளின் காம்பு வழியாகத்தான் அதற்கு இரத்தம் போகிறது. குடலிறக்கத்தைத் தைக்கும்போது அந்தக் காம்பு பாதிக்கப்பட்டால் தொப்புளே கருகிப்போகும் ஆபத்து உண்டு. ஆகவே இரண்டையும் யார் செய்வார், எப்படிச் செய்வார் என்று கேட்டு வையுங்கள்.

ஆபத்துகளில் அடிக்கடி வருவது தோலுக்கும் தசைக்கும் இடையில் நீர் கோத்துக்கொள்வது. அதற்காகத்தான் இருபுறமும் அந்த நீரை வெளியே வடிக்கும் டிரெயின் குழாய் வைக்கிறார்கள். எடுத்த பிறகும் நீர் சேர்ந்தால் ஊசியால் உறிஞ்சுவார்கள். இரத்தம் கட்டுதல், சீழ் பிடித்தல், தையல் பிரிதல், கீழ்ப்பகுதித் தோலின் ஓரம் கருகுதல் ஆகியவையும் நேர்வதுண்டு. தொப்புளுக்குக் கீழே மரத்துப்போவது ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. பல மாதங்களில் உணர்வு திரும்பும், சிலருக்குச் சிறு பகுதியில் திரும்பாமலே போகும்.

உயிருக்கு ஆபத்தானது, காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பதுதான். அழகுக்காகச் செய்யும் அறுவைகளில் இந்த ஆபத்து டம்மி டக்கில் கூடுதல். அதைத் தடுக்கக் காலுக்கு அழுத்தக் காலுறை, தேவைப்பட்டவர்களுக்கு இரத்தம் உறையாமலிருக்க ஊசி, அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுப்பி நடக்க வைப்பது என்று பல ஏற்பாடுகள் உண்டு. வலிக்கிறது என்று படுத்தே இருக்கும் நோயாளிகளை நாங்கள் வற்புறுத்தி நடக்க வைப்பதற்குக் காரணம் இதுதான். வீடு திரும்பிய பிறகும் சில வாரங்கள் இந்த ஆபத்து இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

புகைபிடிப்பவர்களும் புகையிலை போடுபவர்களும் முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரமாவது அறவே நிறுத்த வேண்டும். நிகோடின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இழுத்துத் தைத்த தோலைக் கருகச் செய்துவிடும். உங்களுக்கு இது பொருந்தாது என்றாலும் படிக்கும் பிறருக்காகச் சொல்கிறேன். எடை குறைக்க வாரம் ஒருமுறை ஊசி போடுபவர்கள் மயக்க மருத்துவரிடம் அதை மறைக்கக் கூடாது. அந்த மருந்தால் இரைப்பை மெதுவாகவே காலியாகும் என்பதால், வழக்கமான பட்டினி நேரம் போதாமல் போய், மயக்கத்தில் உணவு மூச்சுக்குழாய்க்குள் ஏறிவிடலாம்.

மருத்துவரின் பெயருக்குப் பின்னால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘காஸ்மெடிக் சர்ஜன்’ என்ற பலகை மட்டும் போதாது. பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தில் சரிபார்க்கலாம். அறுவை அதே நிலையத்திலா, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையிலா, மயக்க மருத்துவர் யார், இரவில் இரத்தம் கசிந்தால் யார் வருவார் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவர்களிடம் போக வேண்டாம்.

இயன்முறை_மதுரை எழுதியது:

மேலே உள்ள விளக்கத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். தசை விலகல் குறித்து மட்டும் ஒரு பிசியோதெரபிஸ்டாகச் சில சொற்கள் சேர்க்க வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் மெல்லத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல்களை வைத்துப் பார்த்தால், இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் விழுந்தாலோ, நடுவில் கூம்பு போல எழும்பினாலோ விலகல் இருக்கிறது என்று கொள்ளலாம். பல பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஆண்டில் இது தானாகவும் பயிற்சியாலும் கணிசமாகக் குறைகிறது. ஐந்து ஆண்டு கழித்துத் தொடங்கினால் இடைவெளி முற்றிலும் மூடும் என்று நான் உறுதி கொடுக்கமாட்டேன். ஆனால் உள்வயிற்றுத் தசைகள் வலுப்பெற்று, இடுப்புவலி குறைந்து, வயிறு தள்ளுவதும் ஓரளவு அடங்கும். யூடியூபில் பார்த்து வயிற்றைச் சுருக்கி எழும் பயிற்சிகளைச் செய்யாதீர்கள். நடுவில் கூம்பு எழும்பும் எந்த அசைவும் விலகலுக்கு நல்லதன்று.

பிரசவித்த பெண்களுக்கு வயிற்றில் பழைய சேலைத் துணியைச் சுற்றிக் கட்டும் நம் வீட்டு வழக்கம் முதல் சில வாரங்களுக்குத் தாங்கலும் இதமும் தரும். தசையை அது சேர்த்துவிடாது, ஆகவே அப்போது சரியாகக் கட்டவில்லை என்று யாரும் உங்களைக் குறை சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

உங்கள் முதன்மையான தொல்லை வெறும் தசை விலகலாக இருந்திருந்தால், மூன்று முதல் ஆறு மாதம் பயிற்சி செய்து பாருங்கள், கத்தி பிறகு என்று சொல்லியிருப்பேன். தோல் மடிப்பும் அதில் வரும் புண்ணும் எந்தப் பயிற்சிக்கும் கட்டுப்படாது என்பதால் அப்படிச் சொல்ல இயலவில்லை. ஆனாலும் அறுவைக்கு முன்பே மூச்சுப் பயிற்சியும், கையை ஊன்றிப் பக்கவாட்டில் திரும்பி எழும் முறையும் பழகிக்கொண்டவர்கள், பிறகு படுக்கையிலிருந்து எழக் குறைவாகவே திணறுகிறார்கள். இருமும்போது சிறுநீர் கசிந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தசை விலகல் உள்ளவர்களிடம் அதையும் கேட்பது எங்கள் வழக்கம்.

தாமரைக்குளம் எழுதியது:

அன்புத் தோழி, நான் சிங்கப்பூரில் வசிக்கிறேன். விடுமுறையில் ஊருக்கு வந்து திருச்சியில் இந்த அறுவையைச் செய்துகொண்டேன். மருத்துவ விவரங்களை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டு விவரங்களை நான் சொல்கிறேன், ஏனெனில் அவற்றை யாரும் முன்கூட்டி எனக்குச் சொல்லவில்லை.

முதல் வாரம் நிமிர்ந்து நடக்க முடியாது. தோல் இறுக்கமாக இருப்பதால் கூன் விழுந்தாற்போலத்தான் நடப்பீர்கள். படுக்கும்போது தலைக்கும் முதுகுக்கும் தலையணை அடுக்கி, முழங்காலுக்கு அடியிலும் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் இந்தியன் கழிப்பறையும் அந்த நாள்களில் நடவாத காரியம். வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை இல்லையென்றால் அதற்கான நாற்காலியை முதலிலேயே வாங்கிவிடுங்கள். வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் வரும். முக்கினால் தையலில் தெறிக்கும் வலி. கீரை, பழம், தண்ணீர் எல்லாவற்றையும் அறுவைக்கு முன்பிருந்தே கூட்டிக்கொள்ளுங்கள். பத்தியம் என்று சொல்லி முட்டையையும் மீனையும் என் அத்தை நிறுத்தப் பார்த்தார். புண் ஆறப் புரதம் வேண்டும் என்று மருத்துவரே சொன்ன பிறகுதான் விட்டார்.

டிரெயின் குழாயில் வரும் நீரை நாள்தோறும் அளந்து ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொன்னார்கள். ஒரு நாளில் சுமார் 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் எடுத்தார்கள். இடுப்பு பெல்ட்டை ஆறு வாரம் இரவும் பகலும் போட வேண்டும். துவைத்து மாற்ற இரண்டு வாங்குங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, கிரைண்டர் கல், குழந்தை எதையும் தூக்கக் கூடாது. உங்கள் மகன் ஐந்து வயதுப் பிள்ளை என்பதால், அம்மா வயிற்றில் குதிக்கக் கூடாது என்று சொன்னால் புரிந்துகொள்வான்; அந்த வகையில் நீங்கள் கொடுத்துவைத்தவர். இருசக்கர வாகனத்தில் போகிறவர் என்றால் ஒரு மாதத்துக்கு மறந்துவிடுங்கள், வேகத்தடை ஒவ்வொன்றும் வயிற்றில்தான் இறங்கும். உட்கார்ந்து செய்யும் கணக்கு வேலைக்கு இரண்டு, மூன்று வாரத்தில் திரும்பலாம் என்று எனக்குச் சொன்னார்கள். சொன்னபடி திரும்பினேன், ஆனால் மாலையில் வயிறு வீங்கிப் பெல்ட் இறுகும். அந்த வீக்கம் முழுவதும் வடியப் பல மாதங்கள் ஆயின. முதல் மாதத்தில் கண்ணாடியில் பார்த்து, ‘இதற்காகவா இவ்வளவு பாடு?’ என்று அழுத நாளும் உண்டு. தழும்பு சிவந்து, கறுத்து, பிறகு மங்கத் தொடங்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இப்போது சேலை கட்டும்போது கொசுவம் நிற்கிறது. மடிப்புப் புண் திரும்ப வரவில்லை. எனக்கு அது போதும்.

வெளிநாட்டிலிருந்து வந்து செய்பவர்களுக்கு ஒரு சொல். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் என்றாலும், அறுவை முடிந்த கையோடு விமானம் ஏறக் கூடாது. நீண்ட நேரம் அசையாமல் உட்காருவது காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைய இடம் கொடுக்கும். டிரெயின் எடுத்து, மருத்துவர் கடைசியாகப் பார்த்து அனுப்பும் வரை தங்குவதற்கு விடுப்பு இல்லையென்றால், அந்த விடுமுறையில் அறுவை வேண்டாம்.

பற்று_வரவு எழுதியது:

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாக. அழகுக்கான அறுவையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்குகளின் பட்டியலிலேயே சேர்த்திருப்பதால், அழகுக்காகச் செய்யும் டம்மி டக்குக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு போன்றவற்றுக்கே விதிவிலக்கு. குடலிறக்க அறுவை வேறு. தனிநபர் பாலிசிகளில் அதற்கு வழக்கமாக இரண்டாண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கும், நிறுவனம் எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டில் அது பெரும்பாலும் தளர்த்தப்பட்டிருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால், குடலிறக்கப் பகுதிக்கு மட்டும் தனி ரசீது தருவார்களா என்று மருத்துவமனையிடமும், அதை ஏற்பார்களா என்று காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேளுங்கள். முழுத் தொகையையும் குடலிறக்கம் என்று காட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; அது பொய்க் கோரிக்கை, பாலிசியே ரத்தாகிவிடும். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் குடலிறக்கத்துக்கு அங்கேயே சிகிச்சை பெறலாம்.

இன்னொன்று, பொதுவாக மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு என்றாலும் அழகுக்கான அறுவைக்கு அந்த விலக்கு இல்லை. அவர்கள் சொன்ன தொகையில் வரி, மயக்க மருத்துவர் கட்டணம், பெல்ட், ஸ்கேன், அதன்பின் நீர் எடுப்பதற்கான வருகைகள், மீண்டும் அறுவை அரங்கத்துக்குப் போக நேர்ந்தால் அதற்கான செலவு ஆகியவை அடங்குமா என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. படுத்துப் பார்த்தேன், வயிறு அமுங்குகிறது, நடுவில் மூன்று விரல் அளவுக்குப் பள்ளம் இருக்கிறது. நான் முதலில் எழுதாத இரண்டு செய்திகள் உள்ளன. திருமணத்துக்கு முன் பித்தப்பைக் கல்லுக்காக வலது விலா எலும்புக்குக் கீழே சாய்வாகத் திறந்து அறுவை செய்தார்கள். அந்தத் தழும்பு ஒரு சாண் நீளம் இருக்கும். மாதவிடாய் ஒழுங்கின்மைக்காகச் சில மாதங்களாக ஹார்மோன் மாத்திரையும் சாப்பிடுகிறேன். இவை ஏதேனும் தடையா? அந்த நிலையத்தில் இதையெல்லாம் கேட்கவில்லை.

வெண்சீருடை எழுதியது:

சகோதரி, இரண்டுமே முக்கியமானவை. முதலாவது மிகவும் முக்கியம். டம்மி டக்கில் தோலைத் தசையிலிருந்து பிரித்து உயர்த்தும்போது, நடுவயிற்றுத் தசை வழியாகத் தோலுக்கு வரும் இரத்தக் குழாய்கள் அறுபடுகின்றன. அதன் பிறகு அந்தத் தோல் உயிரோடு இருப்பது மேலிருந்தும் விலாப்பக்கத்திலிருந்தும் வரும் குழாய்களை நம்பித்தான். விலா எலும்புக்குக் கீழே சாய்வாகப் போகும் பழைய தழும்பு வலப்புறத்தில் அந்த வழியையே குறுக்கே வெட்டியிருக்கும். வழக்கமான அளவுக்குத் தோலைப் பிரித்தால், தழும்புக்குக் கீழே உள்ள பகுதிக்கு இரத்தம் போதாமல் தோல் கருகலாம். அதோடு லைபோசக்‌ஷனும் தாராளமாகச் செய்தால் ஆபத்து இன்னும் கூடும். லேப்ராஸ்கோப்பியில் செய்த சிறு துளைத் தழும்புகள் என்றால் இவ்வளவு கவலை இல்லை.

இதனால் அறுவையே கூடாது என்று பொருளில்லை. அனுபவமுள்ள மருத்துவர், பிரிக்கும் பரப்பைக் குறைத்தோ, கீறும் முறையை மாற்றியோ, தொப்புளுக்குக் கீழே மட்டும் செய்யும் சிறிய வகையைத் தேர்ந்தோ திட்டமிடலாம். பலன் குறைவாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் கூடும். தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி நீக்கி, தசையைத் தைக்காமல் விடும் அறுவையும் ஒன்று உண்டு. மடிப்புப் புண்தான் உங்களுக்குப் பெருந்தொல்லை என்றால் அதுபற்றியும் கேளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரி துறை உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதிலாவது, கோவையிலும் அப்படி ஒன்று உண்டு, புறநோயாளியாகக் காட்டி இரண்டாவது கருத்துக் கேட்பது நல்லது. அங்கே உங்களிடம் விற்க யாரிடமும் சலுகைத் திட்டம் இருக்காது.

ஹார்மோன் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருந்தால் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். பெரும்பாலும் அறுவைக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த மகப்பேறு மருத்துவரிடம் அறுவை எண்ணத்தைச் சொல்லி, மாற்று வழி கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது காலில் இரத்தம் உறைந்ததுண்டா, உங்களுக்குக் கருச்சிதைவுகள் நேர்ந்ததுண்டா என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

பித்தப்பை அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள். அதையும், வயிற்று ஸ்கேன் அறிக்கையையும், மாத்திரைப் பட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு போய், பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்துத் தன் திட்டத்தைப் படம் வரைந்து விளக்கும் வரை, எங்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.